லூக்கும் நோவாவும் முத்தம் குடுக்க ரசிகருங்க ஏன் நாள் எண்ணுனாங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க மத்தியில வாய தொறந்து இந்த சீரியல் கதைய சொல்லிட்டேன், அன்னைலேர்ந்து ஒவ்வொருத்தரா அதே கேள்விய கேட்டுக்கிட்டே இருக்காங்க, சிலது நேர்ல, சிலது வாட்சாப்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கு. திரும்ப திரும்ப பதில் சொல்லி வாய் வலிக்குது. அதான் மொத்தமா ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன், இனிமே கேக்குறவங்களுக்கு இத தூக்கி அனுப்பிருவேன்.

எந்த சீரியல பத்தி பேசுற?

'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்'னு ஒரு அமெரிக்க சீரியல். சிபிஎஸ் டிவில 1956 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 2010 செப்டம்பர் வரைக்கும் ஓடுச்சு, 54 வருசம், 13,000 எபிசோடுக்கு மேல. நம்ம சீரியல் ஆயிரம் எபிசோடு தொட்டா கேக் வெட்டுறாங்க, யோசிச்சு பாருங்க. ஓக்டேல்னு ஒரு கற்பனை ஊரு, அதுல நாலஞ்சு குடும்பம், ஒருத்தர ஒருத்தர் கட்டிக்கிட்டு பிரிஞ்சு திரும்ப கட்டிக்கிட்டு, அவ்ளோதான் கதை.

அமெரிக்காவுல இந்த மாதிரி சீரியலுக்கு ஏன் சோப்னு பேரு?

சோப்பு கம்பெனிங்க காசு போட்டு எடுத்ததால. பகல்ல வீட்டுல துணி தொவைக்கிற பொம்பளைங்கதான் பாக்குறாங்கன்னு சோப்பு விக்கிறவன் ரேடியோ காலத்துலேயே கதைக்கு காசு குடுத்தான், பேரு ஒட்டிக்கிச்சு. இந்த சீரியல தயாரிச்சதே புரோக்டர் அண்ட் கேம்பிள்தான், ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் ஷாம்பு, பேம்பர்ஸ் விக்கிற அதே கம்பெனி. இத ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

லூக், நோவா யாரு?

லூக் ஸ்னைடர்னு ஒரு பணக்கார வீட்டு பையன், லில்லி-ஹோல்டன் ஜோடியோட மகன். 2006ல 'எனக்கு பசங்களத்தான் புடிக்குது'ன்னு வீட்டுல சொல்லிடுறான். 2007ல நோவா மேயர்னு ஒரு பையன் உள்ளூர் டிவி ஸ்டேஷனுக்கு வேல பழக வர்றான். முதல்ல மேடின்னு ஒரு பொண்ணோட சுத்துறான், அப்புறம் 2007 ஆகஸ்ட் 17ஆம் தேதி ரெண்டு பசங்களுக்கும் நடுவுல முத்தம். அமெரிக்க பகல் நேர சீரியல்ல ரெண்டு ஆம்பளைங்க காதலிச்சு குடுத்துக்கிட்ட மொத முத்தம் அதான்னு சொல்வாங்க. லூக்கா நடிச்சவரு வான் ஹான்சிஸ், நோவா ஜேக் சில்பர்மேன்.

நோவாவோட அப்பா ஒரு கர்னல். மகன் இப்படின்னு தெரிஞ்சதும் லூக்க துப்பாக்கியால சுட்டு, லூக் கொஞ்ச நாள் நடக்க முடியாம சக்கர நாற்காலில. அந்தாளு முன்னாடியே பொண்டாட்டிய கொன்னவன்னு வேற தெரியவருது. அப்புறம் நோவா ஈராக்லேர்ந்து வந்த அமீராங்குற பொண்ண, அவள நாட்ட விட்டு அனுப்பிறக்கூடாதுன்னு பேருக்கு கல்யாணம் பண்றான். இதுக்கப்புறம் நோவாவுக்கு கண்ணு போயிருது. சிரிக்காதீங்க, நம்ம சீரியல்ல கண்ணு போகாத கதாநாயகி யாரு சொல்லுங்க?

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல உக்காந்துக்கிட்டு நீ எப்படி இத பாத்த?

2007 கடைசில எஸ்பிஎம் (இங்க ஸ்கூல் முடிக்கிற பரீட்சை) எழுதி முடிச்சிட்டு ரிசல்ட்டுக்கு காத்திருந்தேன். நாங்க அப்போதான் தோட்டத்து லயத்துலேர்ந்து டவுனுக்கு பக்கத்துல ஒரு தாமானுக்கு, அதாவது வீடமைப்பு பகுதிக்கு, மாறியிருந்தோம், அம்மா இருபது வருசத்துக்கு மேல ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க, முட்டி போயி நிப்பாட்டிட்டாங்க. வீட்டுல சும்மா இருக்காதன்னு டவுன்ல ஒரு சைபர் கஃபேல கவுன்டர்ல உக்கார வச்சாங்க. மணிக்கு ரெண்டு வெள்ளி. ஸ்கூல் விட்டதும் பசங்க வந்து கேம் அடிக்கிற வரைக்கும் கட ஈ ஓட்டும், நான் யூடியூப் பாப்பேன்.

அப்பல்லாம் யூடியூப்ல பத்து நிமிசத்துக்கு மேல வீடியோ ஏத்த முடியாது. அமெரிக்காவுல இருக்குற ரசிகருங்க ஒரு மணி நேர எபிசோட்லேர்ந்து லூக்-நோவா வர்ற எடத்த மட்டும் வெட்டி, நம்பர் போட்டு, வரிசையா ஏத்துவாங்க. மத்த குடும்பத்து சண்ட, சொத்து தகராறு எதுவும் கெடையாது, இவங்க கத மட்டும்தான். டிவில அந்த சீரியல ஒரு நாள் கூட பாக்காதவங்க ஒலகம் பூரா இப்படித்தான் ரசிகர் ஆனாங்க, நானும் அதுல ஒருத்தி. வீடியோ லோட் ஆகுற கோடு மெதுவா ஓடும், பாதில நிக்கும், அந்த நேரத்துல நான் எதுத்தாப்புல இருக்குற கோப்பிக்கடைல ஒரு தே ஓ (பால் போடாத டீ) தாப்பாவ், அதான் பார்சல், பண்ணிட்டு வந்துருவேன்.

அது 2008 மார்ச் தேர்தல் நேரம் வேற. ஊரே சாமிவேலு ஜெயிப்பாரா தோப்பாரான்னு பேசிக்கிட்டு இருந்துச்சு, 1974லேர்ந்து அவரு சீட்டு, அந்த வாட்டி தோத்துட்டாரு. நான் என்னடான்னா ஓக்டேல்ல என்ன ஆச்சுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப நெனச்சா வெக்கமாத்தான் இருக்கு.

சரி, ரசிகருங்க எதுக்கு நாள் எண்ணுனாங்க?

ஆகஸ்ட்ல மொத முத்தம், செப்டம்பர்ல இன்னொன்னு. அதோட நின்னுபோச்சு. ரெண்டு பேரும் காதலிக்கிறாங்க, சண்ட போடுறாங்க, அழுவுறாங்க, கட்டிப்புடிக்கிறாங்க, ஆனா முத்தம் மட்டும் இல்ல. ஒரு மாசம் ஆச்சு, மூணு மாசம் ஆச்சு. அதே சீரியல்ல பக்கத்து ஜோடி, அதுக்கு பக்கத்து ஜோடி, வயசான ஜோடி எல்லாம் மூச்சுக்கு முன்னூறு தடவ குடுத்துக்கிட்டு இருக்காங்க. காதலர் தினத்தன்னிக்கு மத்த ஜோடிங்க முத்தம் குடுக்குறப்ப இவங்க ரெண்டு பேருக்கு ஒரு கட்டிப்புடி, அவ்ளோதான்.

ரசிகருங்க சும்மா விடல. கடைசி முத்தத்துலேர்ந்து இன்னைக்கு எத்தனையாவது நாளுன்னு எண்ண ஆரம்பிச்சாங்க, கம்பெனிக்கு லெட்டர், சிபிஎஸ்க்கு போன், பத்திரிகைக்காரங்களுக்கு தகவல். செய்தில கூட வந்துச்சு. கடைசில 2008 ஏப்ரல்லதான் அடுத்த முத்தம், 200 நாளுக்கு மேல ஆயிருந்துச்சு. அன்னைக்கு நான் கடைல மூணு கம்ப்யூட்டர்ல ஒரே வீடியோவ போட்டு விட்டேன், எது மொதல்ல லோட் ஆகுதோ அதுல பாக்கலாம்னு.

முத்தத்துக்கு போயி இவ்ளோ கலாட்டாவா? வேற வேல இல்லையா?

எங்க பெரியண்ணே கேட்ட கேள்வி இது, இதே வார்த்தைல. இதுக்கு என் பதில விட எங்கம்மா பதில்தான் பொருத்தம்.

மத்தியானம் அம்மா கடைக்கு சோறு கொண்டு வருவாங்க, டிபன் கேரியர்ல, மேல் தட்டுல நெத்திலி சம்பல், கீழ சோறு. அன்னைக்கு நான் கிறிஸ்மஸ் எபிசோடு பாத்துக்கிட்டு இருந்தேன், அம்மா பின்னாடி வந்து நின்னத கவனிக்கல. லூக்கும் நோவாவும் கிட்ட வர்றாங்க, தலைக்கு மேல ஒரு செடி கொத்து தொங்குது, அது கீழ ரெண்டு பேர் நின்னா முத்தம் குடுத்துக்கணும்னு வெள்ளக்காரங்க வழக்கம். ரெண்டு மூஞ்சியும் நெருங்குது, நெருங்குது, அப்ப பாத்து கேமரா அப்படியே மேல ஏறி அந்த செடிய காட்டுது. அதோட சீன் முடிஞ்சிருச்சு.

அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்த தெரியாது. ஆனா வாழ்நாள்ல எத்தன சீரியல் பாத்திருப்பாங்க. கேரியர கவுன்டர்ல வச்சிட்டு கேட்டாங்க:

"ஏண்டி, மூஞ்சிய காட்டாம எதுக்கு தோரணத்த காட்டுறான்?"

நான் செடி கதைய சொன்னேன்.

"அப்ப குடுத்தாங்களா இல்லையா?"

"தெரியலம்மா, காட்டல."

"மத்த ஜோடிக்கு காட்டுவானா?"

"காட்டுவான்."

அம்மா கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்தாங்க. "அப்ப அந்த பிள்ளைங்களுக்கு ஒன்னும் பயமில்ல, படம் புடிக்கிறவன்தான் பயப்படுறான்"னு சொல்லிட்டு, "சோறு ஆறிரும், சாப்பிடு"ன்னாங்க.

அவ்ளோதான்லா விசயம். அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான பேரு பக்கம் பக்கமா லெட்டர் எழுதி சொன்னத ஒரு பால்வெட்டுக்காரம்மா ஒரு நிமிசத்துல சொல்லிட்டாங்க. முத்தம் பாக்க யாருக்கும் அலைச்சல் இல்ல, இன்டர்நெட்ல அதுக்கா பஞ்சம்? கதைய குடுத்துட்டு, அழுவ வச்சிட்டு, விளம்பரத்துல அவங்க மூஞ்சிய போட்டுட்டு, அந்த நேரம் வந்தா கேமராவ தூக்குறான் பாரு, அது பாக்குறவங்களுக்கு பட்டுன்னு தெரிஞ்சிரும். பந்திக்கு கூப்புட்டு உக்கார வச்சு எல போட்டு சோறு மட்டும் போடாம போற மாதிரி.

அப்ப உங்கம்மா இதெல்லாம் சரின்னு ஒத்துக்கிட்டாங்களா?

அப்படி சொன்னா பொய். அன்னைக்கு சாயந்தரமே "நம்ம பக்கம் இதெல்லாம் வேணாம், அப்பாகிட்ட சொல்லாத"ன்னாங்க. அடுத்த வாரம் சோறு கொண்டாந்தப்ப "அந்த நெட்டப்பையன் அப்பன் ஜெயிலுக்கு போயிட்டானா?"ன்னும் கேட்டாங்க. ரெண்டும் ஒரே அம்மாதான்.

எதிர்ப்பே வரலையா?

வராம இருக்குமா. அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன்னு ஒரு கிறிஸ்துவ அமைப்பு, ஏப்ரல் முத்தத்துக்கு அப்புறம் புரோக்டர் அண்ட் கேம்பிளுக்கு போன் போட்டு கண்டிக்க சொல்லி ஆளுங்கள கெளப்பிவிட்டுச்சு. சோப்பு கம்பெனிய ஞாபகம் வச்சுக்க சொன்னேன்ல, அதுக்குதான். சினிமாவுக்கு கோவம் வந்தா டிக்கெட் வாங்காம விடலாம், சீரியலுக்கு கோவம் வந்தா ஷாம்பு வாங்காம விடணும், அதனால கம்பெனிக்கு பயம் ஜாஸ்தி. ஆனா விசயம் ரசிகருங்க காதுக்கு வந்ததும் அவங்களும் அதே நம்பருக்கு போன் போட ஆரம்பிச்சாங்க, கத நல்லாருக்கு, நிப்பாட்டாதீங்கன்னு. கம்பெனி கதைய நிப்பாட்டல.

என்னோட கணக்கு என்னன்னா, அந்த ஏழு மாச பஞ்சத்துக்கு காரணம் எழுத்தாளருங்க இல்ல, மேல உக்காந்து ரெண்டு பக்கத்தையும் சமாளிக்கலாம்னு நெனச்சவங்க. ரெண்டு பக்கமும் திட்டு வாங்குனதுதான் மிச்சம்.

ரசிகருங்க எல்லாம் அந்த மாதிரி ஆளுங்களா?

இல்லவே இல்ல. பசங்களும் இருந்தாங்க, ஆனா பாதிக்கு மேல பொம்பளைங்கன்னுதான் எனக்கு பட்டுச்சு, கல்யாணம் ஆனவங்க, பேரப்பிள்ள எடுத்தவங்க, லில்லி சின்னப் பொண்ணா வந்த காலத்துலேர்ந்து பாக்குற ஆயாங்க. அவங்களுக்கு லூக் யாருன்னா லில்லியோட மகன், பொறந்ததுலேர்ந்து தெரியும். தெரிஞ்ச வீட்டு பிள்ள. சினிமாவுல ரெண்டு மணி நேரம் பாத்துட்டு போற ஆளு வேற, தெனம் மத்தியானம் வீட்டுக்கு வர்ற பிள்ள வேற. சீரியலோட பலமே அதுதான்னு நான் சொல்வேன்.

'நியூக்'னா என்ன?

நோவா பேரையும் லூக் பேரையும் சேத்து ரசிகருங்க வச்ச ஜோடிப் பேரு. அணுகுண்டுக்கும் இங்கிலீஷ்ல அதே சத்தம் வரும். சீரியல் ஜோடிய ரசிகருங்க கொண்டாடுறது அங்க பழைய வழக்கம், 1981ல 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்'ல லூக்-லாரான்னு ஒரு ஜோடி (இது வேற லூக்) கல்யாணத்த மூணு கோடி பேரு பாத்தாங்க. அந்த வரிசைல மொத ஆம்பள ஜோடி நியூக்தான்னு எழுதுனாங்க.

ரசிகருங்களுக்குள்ள சண்டையே இல்லையா?

ஐயோ. கண்ணு போன நோவாவுக்கு வைத்தியம் பாக்க ரீட் ஆலிவர்னு ஒரு மூளை டாக்டர் வந்தாரு, வாய தொறந்தா திமிரு, ஆனா திறமசாலி. நோவாவுக்கு கண்ணு வந்துருச்சு, லூக்குக்கு மனசு டாக்டர் பக்கம் போயிருச்சு. அவ்ளோதான், ரசிகர் கூட்டம் ரெண்டா பொளந்துருச்சு. நேத்து வரைக்கும் தோளோட தோள் நின்னு லெட்டர் எழுதுனவங்க, இன்னைக்கு ஒருத்தர ஒருத்தர் துரோகின்னாங்க. நோவா அமுக்குனி, எப்ப பாரு மூஞ்ச தூக்கி வச்சுக்குவான்னு ஒரு கட்சி, மொதக் காதல விட்டுட்டு போறவன் மனுசனான்னு இன்னொரு கட்சி.

நான் டாக்டர் கட்சி. ஏன்னா அந்த ஜோடில ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணி சிரிச்சாங்க, நியூக் கதைல எப்ப பாத்தாலும் அழுகதான். இத சொன்னதுக்கு என்கிட்ட பேசாம போன கூட்டாளிங்க உண்டு, ஒருத்தி பினாங்குல இருக்கா, இன்னும் பேசல.

முடிவு என்ன ஆச்சு?

2010 செப்டம்பர்ல சீரியல் முடியப்போகுது, கடைசி சில நாளு. டாக்டர் ரீட், இன்னொரு டாக்டர் உயிர காப்பாத்த மாத்து இதயம் எடுத்துட்டு வர காடிய எடுத்துக்கிட்டு ஓடுறாரு, காடி தண்டவாளத்துல மாட்டிக்கிது, ரயில் வந்து அடிச்சிருது. சாகுறப்ப தன்னோட இதயத்தையே அந்த நோயாளிக்கு குடுக்க சொல்லிட்டு சாகுறாரு. நோவா லாஸ் ஏஞ்சலஸ் போயிடுறான். லூக் தனியா. மத்த ஜோடி முக்காவாசி பேருக்கு நல்ல முடிவு.

அழுதேன்லா, பொய் சொல்ல மாட்டேன், அப்ப நான் ஈப்போவுல வேலைக்கு போயிட்டேன், ஹாஸ்டல்ல போர்வைக்குள்ள. அப்புறம் கோவம் வந்துச்சு. இந்த மாதிரி கதைல ஒருத்தன் சாவுறது ஒரு வியாதி மாதிரி, அமெரிக்க ரசிகருங்களுக்கு நல்லாவே தெரிஞ்ச வியாதி. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'ல வில்-சோனி ஜோடிக்கு 2014ல ஊரக் கூட்டி கல்யாணம், அமெரிக்க பகல் சீரியல்ல ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடந்த மொத கல்யாணம். அடுத்த வருசமே வில்ல கழுத்த நெரிச்சு கொன்னுட்டாங்க. ரசிகருங்க போட்ட சத்தத்துக்கு அப்புறம் 2017ல வில் செத்த எடத்துலேர்ந்து திரும்ப வந்தான், சீரியல்ல செத்தவன் வர்றது ஒன்னும் புதுசில்லையே.

இதுக்கு முன்னாடி எங்கேயும் காட்டலையா?

காட்டிருக்காங்க. லண்டன்ல நடக்குற கதையான 'ஈஸ்ட்எண்டர்ஸ்'ல 1987லயே காலின்னு ஒருத்தன் தன் கூட்டாளி நெத்தில முத்தம் வச்சான், நெத்திலதான், அதுக்கே பத்திரிகைங்க குதிச்சாங்க, சீரியல் பேர கொச்சையா மாத்தி தலைப்பு போட்டாங்க. 1989ல உதட்டுல. காலினா நடிச்சவரு மைக்கேல் கேஷ்மன், வீட்டு ஜன்னல்ல செங்கல் வந்து விழுந்ததா அவரே சொல்லிருக்காரு. அந்தாளு பயந்து ஓடல, அதே 1989ல ஸ்டோன்வால்னு உரிமை அமைப்ப ஆரம்பிச்சதுல ஒருத்தரு, ஐரோப்பிய பார்லிமென்ட்டுக்கு போயி, இப்ப பிரபுக்கள் சபைல உக்காந்திருக்காரு.

பிரேசில் கத இன்னும் சுவாரசியம். 2005ல 'அமெரிக்கா'ன்னு ஒரு சீரியலோட கடைசி எபிசோட்ல ரெண்டு பசங்க முத்தம் வருதுன்னு நாடே காத்திருந்துச்சு, ஷூட்டிங்கும் பண்ணிட்டாங்க, ஒளிபரப்புல வெட்டிட்டாங்க. அங்க ராத்திரி சீரியல்ல அந்த முத்தத்த காட்ட 2014 ஜனவரி 31 ஆச்சு, 'அமோர் ஆ விடா'ங்குற சீரியலோட கடைசி நாள்ல.

நம்ம ஆளுங்க மாதிரி குடும்பம் எதுலயாவது வருதா?

ஈஸ்ட்எண்டர்ஸ்லயே வருது, இதத்தான் நீங்க பாக்கணும்னு சொல்வேன். மசூத்னு ஒரு பாகிஸ்தானி குடும்பம், மூத்த பையன் சையத், தொழுவுற பையன், அவனுக்கு கிறிஸ்டியன்னு ஒரு வெள்ளக்காரன் மேல காதல், 2009ல. அம்மா ஜைனப்புக்கு விசயம் தெரிஞ்சிருது. தெரிஞ்சும் அமீராங்குற பொண்ண பாத்து (அமீராதான் எல்லா சீரியல்லயும் மாட்டுறா பாவம்) 2010 புத்தாண்டு அன்னைக்கு கல்யாணத்த நடத்தி வச்சிடுறாங்க.

நீனா வாடியா ஜைனப்பா நடிச்சது இருக்கே, அது அப்படியே நம்ம தாமான் அம்மாங்கதான். கத்தல் இல்ல, தட்டுல சோத்த போட்டுக்கிட்டே, மூஞ்ச பாக்காம, "உனக்கு என்ன கொற வச்சேன்"னு கேக்குற ரகம். இத எங்கம்மாவுக்கு ரொம்ப நாள் கழிச்சு போன்ல காட்டுனேன். அவங்க சையத்த கண்டுக்கவே இல்ல, கிறிஸ்டியனயும் கண்டுக்கல. "அந்த பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு, தெரிஞ்சே கட்டி வச்சிருக்கா பாரு"ன்னு ஜைனப்ப திட்டுனாங்க. அப்புறம் குரல கொறச்சு, எங்க பழைய தோட்டத்துல ஒரு வீட்டுல இதே மாதிரி நடந்துச்சுன்னும், அந்த பொண்ணு ரெண்டு வருசத்துல அம்மா வீட்டுக்கு திரும்பி வந்துருச்சுன்னும், காரணம் எல்லாருக்கும் தெரியும் ஆனா யாரும் வாயத் தொறக்கலன்னும் சொன்னாங்க. முப்பது வருசம் அத பத்தி எங்கம்மா பேசி நான் கேட்டதில்ல.

சையத்தும் கிறிஸ்டியனும் 2012ல ஒன்னு சேந்து ஊர விட்டு போறதோட கத முடியும். யாரும் சாகல.

நம்ம பக்கத்து நாட்டுல?

பிலிப்பீன்ஸ்ல 2013ல 'மை ஹஸ்பண்ட்ஸ் லவர்'னு ராத்திரி நேரத்துலயே ஓடுச்சு, பொண்டாட்டி, புருசன், புருசனோட பழைய காதலன், மூணு பேர் பக்கமும் நியாயம் காட்டுன கத, கத்தோலிக்க நாட்டுல குடும்பத்தோட உக்காந்து பாத்தாங்க. இந்தில ஸ்டார் பிளஸ்ல 2010ல ஆரம்பிச்ச 'மர்யாதா'ல கௌரவ்-கரண்னு ஒரு கத வந்துச்சு. நம்ம தமிழ் பெரிய சேனல் சீரியல்ல ராத்திரி ஒன்பது மணிக்கு இந்த மாதிரி ஒரு ஜோடிய முக்கியக் கதையா வச்சு நான் பாத்ததில்ல. மாமியார் விசம் வைக்கலாம், ஒருத்தனுக்கு மூணு பொண்டாட்டி இருக்கலாம், அதெல்லாம் குடும்பத்தோட பாக்கலாமாம்.

மலேசியாவுல காட்டுனா என்ன ஆகும்?

வெட்டு. இங்க குற்றவியல் சட்டம் 377ஏ, 377பி படி அந்த மாதிரி உறவு குற்றம், 20 வருசம் வரைக்கும் சிறை, பிரம்படியும் உண்டு. 377ங்குற நம்பரே வெள்ளக்காரன் 1860ல இந்தியாவுக்கு எழுதுன சட்டத்துலேர்ந்து வந்தது. இந்தியா 2018 செப்டம்பர் 6 அன்னைக்கு, சம்மதத்தோட நடக்குறது குத்தமில்லன்னு தீர்ப்பு குடுத்துருச்சு, சிங்கப்பூர் 2022ல அதோட சட்டத்த எடுத்துருச்சு, இங்க அப்படியே இருக்கு.

2010ல தணிக்கை விதிய கொஞ்சம் தளத்துனாங்க, அந்த மாதிரி பாத்திரம் படத்துல வரலாம், ஆனா கடைசில திருந்தணும் இல்லன்னா அழிஞ்சு போகணும்ங்குற மாதிரி. 2017ல 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' வந்தப்ப கூட ஒரு சின்ன காட்சிய வெட்ட சொன்னாங்க, டிஸ்னி முடியாதுன்னு நின்னுச்சு, ரெண்டு வாரம் தள்ளிப்போயி வெட்டாமலே பிஜி13 தணிக்கை சான்றிதழோட ஓடுச்சு. ஈப்போவுல போயி பாத்தேன், நீங்க கண்ண சிமிட்டுனா தவற விட்ருவீங்க, அதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்னு ஆயிருச்சு.

தமிழ்ல இதுக்கு என்ன வார்த்த?

தன்பாலீர்ப்புன்னு இப்ப பத்திரிகைங்க எழுதுது. தமிழ்நாட்டு அரசே 2022ல மரியாதையான சொல்லு எதெதுன்னு ஒரு பட்டியல் போட்டுச்சு, கோர்ட்டு சொன்னதால. எங்க தோட்டத்துல நான் கேட்டு வளந்த வார்த்தைங்கள இங்க எழுத முடியாது. அம்மா 'அந்த பிள்ளைங்க'ன்னு சொல்வாங்க, எனக்கு அதுவே போதும்னு தோணும்.

நீ ஏன் இதுல இவ்ளோ ஆர்வமா இருக்க? நீயும்...?

இத யாரும் முழுசா கேக்க மாட்டாங்க, அந்த மூணு புள்ளியோட நிப்பாட்டிருவாங்க. கல்யாணமாயி ரெண்டு பிள்ள இருக்கு, புருசனுக்கு நானும் ராத்திரி சீரியலும் அலர்ஜி. போதுமா?

சரி, இன்னும் கொஞ்சம் சொல்றேன். அந்த சைபர் கஃபேல ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர்ல தெனம் ஒருத்தன் உக்காருவான், எங்க ஸ்கூல்தான், ஒரு வகுப்பு மேல. கேம் அடிக்க மாட்டான். ஒரு நாள் ஹெட்போன் வயரு கழண்டுபோயி அவன் கம்ப்யூட்டர்லேர்ந்து சத்தம் வந்துச்சு, லூக் குரல். எனக்கு மனப்பாடம் அந்த குரல். அவன் பதறி வயர புடுங்கி மாட்டுறான், காதெல்லாம் செவந்துபோச்சு. நான் ஒன்னும் பேசல, என்ன பேசுறதுன்னும் தெரியல. மறுநாள் அவன் வந்தப்ப "பதினேழாவது பாகம் ஏத்திட்டாங்க"ன்னு மட்டும் சொன்னேன். தலைய ஆட்டிட்டு போயி உக்காந்தான். அந்த மூணு மாசத்துல நாங்க பேசுனது மொத்தமே எந்த பாகம் வந்துச்சு எது வரலங்குறது மட்டும்தான். இப்ப ஜொகூர் தாண்டி வேல செய்யிறான், தீபாவளிக்கு மெசேஜ் வரும்.

பிள்ளைங்க பாத்தா கெட்டுப்போக மாட்டாங்களா?

மாமியார் விசம் வைக்கிறத பாத்து எத்தன பேரு விசம் வச்சாங்க?

இப்ப எங்க பாக்கலாம்? எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

ரசிகருங்க வெட்டி ஏத்துனதுல பாதி காணாம போச்சு, மீதி யூடியூப்ல லூக் நோவான்னு தேடுனா கெடைக்கும், படம் மங்கலாத்தான் இருக்கும். 2007 கோடைலேர்ந்து ஆரம்பிங்க. அமீரா கல்யாணத்த தாண்டி ஓட்டிருங்க, எனக்கே பொறுமை இல்ல. டாக்டர் ரீட் வந்ததுக்கப்புறம் எதையும் ஓட்டாதீங்க, கடைசி ஒரு வாரம் மட்டும் வேணும்னா விட்ருங்க.

உங்கம்மாவுக்கு முடிவு தெரியுமா?

டாக்டர் கத அவங்களுக்கு தெரியாது, நான் சொல்லல. போன மாசம் ஒரு சாயந்தரம், நல்ல மழ, மழ வந்தா ஆஸ்ட்ரோ டிஷ் டிவி போயிரும்ல, சீரியல் பாதில நின்னு டிவி நீலமா கெடக்கு, அம்மா சும்மா உக்காந்திருந்தவங்க திடீர்னு கேட்டாங்க, அந்த தோரணத்து பிள்ளைங்க கடைசில சேந்துட்டாங்களான்னு. பதினேழு பதினெட்டு வருசம் கழிச்சு. சேந்துட்டாங்கம்மான்னு சொன்னேன். "காட்டுனானா?"ன்னாங்க. காட்டுனான்னு சொல்லிட்டு நான் துணி எடுக்க வெளிய ஓடிட்டேன்.